5,000 ரூபாய் டார்ச் தேவையா?

ராத்திரியில் தவளையும் பூச்சியும் பார்க்கப் போகிற பழக்கம் எனக்கு. போன மாசம் 5,000 ரூபாய்க்கு ஒரு டார்ச் வாங்கினேன். "500 ரூபாய் டார்ச் எரியலையா?" என்று வீட்டில் கேட்டார்கள். எரிந்தது. நியாயமான கேள்விதான்.

பெட்டிமேல் போட்டிருக்கிற லூமனுக்காகக் காசு கொடுப்பது வீண். கண்ணுக்கு இரண்டு மடங்கு பளிச்சென்று தெரிய, லூமன் ஏறக்குறைய நாலு மடங்கு வேண்டும். எஃப்எல்1 தரப்படி அதை அளப்பதும் டார்ச் போட்ட முதல் இரண்டு நிமிஷத்துக்குள்தான். அப்புறம் சூடேறினால் டார்ச்சே வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும். 3,000 லூமன் என்பது சில நிமிஷக் கூத்து.

உண்மையில் எனக்கு உதவினது வேற ரெண்டு. ஒன்று, சிஆர்ஐ 90க்கு மேலுள்ள எல்இடி. பழைய டார்ச்சின் நீல வெளிச்சத்தில் இலைமேல் தவளை சாம்பலாகத் தெரியும். இதில் பச்சையும் பழுப்பும் பிரிந்து தெரியுது. இன்னொன்று, உள்ளே இருக்கும் டிரைவர். பேட்டரி இறங்க இறங்க வெளிச்சம் மங்குவதில்லை.

ஆனா இந்த ரெண்டும் 2,000 ரூபாய் டார்ச்சிலேயே கிடைக்கும் என்று வாங்கினப்புறம்தான் தெரிந்தது. மீதி 3,000 அழகான உடம்புக்கும் கம்பெனி பேருக்கும்! நட்சத்திரம் பார்க்கிற நண்பரோ இதை அணைக்கச் சொல்லிவிட்டார். அவருக்கு மங்கலான சிவப்பு விளக்கு போதுமாம்.