புல்திட்டாகிவிடும் படகு

அமெரிக்காவின் நியூ ஜெர்சியில், பார்னிகட் விரிகுடாவின் வாத்து வேட்டைக்காக 1836 வாக்கில் ஹேசல்டன் சீமன் உருவாக்கிய சிறு படகுதான் ‘ஸ்னீக்பாக்ஸ்’. சுமார் 12 அடி நீளம். உள்ளே ஒரு ஆள் படுக்கலாம். முழங்கால் அளவுகூட இல்லாத தண்ணீரிலும் தரை தட்டாது.

என்னை மயக்கியது அதன் மேல்தளம். கரண்டியின் முதுகுபோல வளைந்து, நீர்மட்டத்தோடு ஒட்டிக் கிடக்கும். அதன்மேல் சதுப்புநிலப் புல்லைப் பரப்பிவிட்டால் வாத்தின் கண்ணுக்கு அதுவும் ஒரு புல்திட்டுதான். துடுப்பு தாங்கிகளும் மடங்கிக்கொள்ளும். மேலே எதுவும் துருத்தி நிற்காது. விரிகுடா உறைந்துபோனால், அடியில் பதித்த சட்டங்கள் சறுக்க, பனிக்கட்டிமேல் இழுத்துப் போகலாம். வெள்ளை சீடார் மரம், அதனால் கனமும் குறைவு.

நதானியேல் பிஷப் என்பவர் 1875 டிசம்பரில் இப்படியொரு படகில்தான் பிட்ஸ்பர்க்கிலிருந்து மெக்சிகோ வளைகுடாவுக்குப் புறப்பட்டார், போயும் சேர்ந்தார். வேட்டையில் நாட்டமில்லாதவர்களும் நியூ ஜெர்சிப் பக்கம் போனால் டக்கர்டன் சீபோர்ட் அருங்காட்சியகத்தில் இதைப் பார்த்துவிட்டு வாருங்கள்.