சம்பளம் யாருடையது? துறவற வார்த்தைப்பாடும் வருமான வரியும்

வரி கட்டுவது சட்டக் கடமை என்பது எல்லோருக்கும் தெரியும். கட்டாமல் விடுவது பாவமா என்று கேட்டால்தான் நம்மில் பலர் மென்று விழுங்குகிறோம். தாராவிப் பட்டறையானாலும் சரி, மாட்டுங்காக் கடையானாலும் சரி, செம்பூர் அலுவலகமானாலும் சரி, "மாட்டினா அபராதம், மாட்டாட்டி லாபம்" என்று பேசுவோர் உண்டு. இது ஏதோ பாமரர் பேச்சு என்று ஒதுக்கிவிட முடியாது. கத்தோலிக்க அறநெறி அறிஞர்களில் ஒரு சாராரே இதற்கு நெருக்கமான கருத்தைக் கொண்டிருந்தனர். சில சட்டங்கள் மனச்சாட்சியைக் கட்டுப்படுத்துவதில்லை, மீறிப் பிடிபட்டவன் தண்டனையை ஏற்றால் போதும் என்பது அவர்கள் கட்சி. வரிச் சட்டத்தையும் அவர்களில் சிலர் இந்த வகையில் சேர்த்தார்கள். 1944-இல் அமெரிக்கக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் குரோ என்ற குரு இதையே முனைவர் பட்டத்துக்கு ஆய்ந்தார் என்றால், கேள்வி எவ்வளவு பெரிது என்று பாருங்கள்.

பின்னர் திருச்சபை தன் நிலையைத் தெளிவாக்கியது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் வெளியிட்ட 'இன்றைய உலகில் திருச்சபை' என்னும் ஏடு, நியாயமான வரியைச் சூழ்ச்சியால் ஏய்ப்பதைக் கண்டித்தது. 1992-இன் மறைக்கல்வி நூல், 2240-ஆம் எண்ணில், வரி செலுத்துவதை அறக்கடமை என்றே சொல்கிறது. பொதுநலனில் நமக்கும் பங்குண்டு என்பதே அதன் காரணம்.

நம் ஊரில் இந்தக் கேள்வி வேறு உருவில் வந்தது. அரசு உதவி பெறும் பள்ளிகளில் அருட்சகோதரிகளும் அருட்தந்தையரும் ஆசிரியராய் வாங்கும் சம்பளத்தில் வரி பிடிக்கலாமா? மறைப்பணியாளர் தம் சபைக்கு ஒப்படைக்கும் கட்டணத்துக்கு வரியில்லை என்று 1944-இல் ஒரு சுற்றறிக்கை வந்திருந்தது. அதை வைத்து நெடுங்காலம் பிடித்தம் இல்லாமலே ஓடியது. கடந்த பத்தாண்டின் நடுவில் வருமான வரித்துறை பிடிக்கச் சொன்னது. சபைகள் சென்னை உயர் நீதிமன்றம் சென்றன. தனி நீதிபதி சபைகள் பக்கம் நின்றார். 2019 மார்ச்சில் இரு நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது. 2021-இல் கேரள உயர் நீதிமன்றமும் பிடித்தம் செல்லும் என்றது. 2024 நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம் 93 மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்தது.

சபைகளின் வாதத்தை எளிதாக எண்ணக் கூடாது. 1983-இன் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, 668-ஆம் விதியில், துறவி உழைத்து ஈட்டுவது சபைக்கே உரியது என்கிறது. ஏழ்மை வார்த்தைப்பாடு எடுத்தவரிடம் சொந்தமாகக் காலணாவும் கிடையாது. இல்லாத வருமானத்துக்கு எப்படி வரி? இன்னொன்றையும் மறக்கக் கூடாது. அவர்கள் எதையும் ஒளிக்கவில்லை, வெளிப்படையாக வழக்காடினார்கள். ஏய்ப்பும் வழக்கும் ஒன்றல்ல.

ஆனாலும் அந்த வாதம் ஓரிடத்தில் இடறுகிறது. அரசு சம்பளம் தருவது ஆசிரியருக்கு, சபைக்கு அல்ல. கைக்கு வந்ததை எங்கே கொடுக்கிறோம் என்பது அடுத்த படி. பக்கத்து வகுப்பு ஆசிரியை தன் சம்பளம் முழுவதையும் நோயாளித் தாய்க்கே செலவிட்டாலும், சட்டம் அதை அவள் சம்பளம் என்றுதான் பார்க்கும். இந்து அர்ச்சகர் ஒருவர் தன் சம்பளத்தைப் பூசைக்கே கொடுத்தாலும் வரி உண்டல்லவா என்று அன்றைய தலைமை நீதிபதி சந்திரசூட் சுட்டியதும் இந்த நியாயத்தைத்தான்.

இதைவிட வலுவான மறுப்பு திருச்சபையின் ஏட்டிலேயே இருக்கிறது. 1965-இல் பொதுநிலையினர் பணி பற்றி வந்த சங்க ஏடு, நீதிப்படி கொடுக்க வேண்டியதை அன்பின் கொடையாகக் காட்டக் கூடாது என்று எச்சரிக்கிறது. முதலில் நீதி, பிறகு தருமம். சபையின் பள்ளியும் மருத்துவமனையும் எவ்வளவு நல்ல காரியமானாலும், பொதுப் பணத்தில் வரும் சம்பளம் பொதுக் கணக்கைத் தாண்டிப் போவதற்கு அது காரணமாகாது.

அதே அளவுகோல் நமக்கும்தான். பில் இல்லாமல் விற்றுவிட்டு, கோயில் கொடைக்கும் சர்ச் திருவிழாவுக்கும் அள்ளிக் கொடுப்பவரை நாம் தர்மவான் என்கிறோம். சட்டம் அனுமதித்த சேமிப்பைக் காட்டி வரியைக் குறைப்பது தவறில்லை. கணக்கையே மறைத்துவிட்டுக் கொடுக்கும் காணிக்கையில் பாதி ஊரார் பணம்.

அரசுக்கும் கடமை உண்டு. திருச்சபை சொல்வதும் நியாயமான வரியைத்தான். யானை வயலில் புகுந்தால் தின்பதைவிட மிதித்து அழிப்பதே அதிகம் என்று பாண்டியனுக்குப் பிசிராந்தையார் உரைத்தது வரி வாங்குபவருக்கான பாடம். அந்தப் பாடத்தைச் சொல்லிக் காட்ட, ஒழுங்காக வரி கட்டியவருக்கே வாயுண்டு.