கொடி மறைத்த பத்திரிகைகள்

2023 மார்ச் முதல் வாரம். உப்பளத்தில் எங்கள் வீட்டு மாடியில் டைல்ஸ் வேலை நடந்துகொண்டிருந்தது. மேஸ்திரி முதலியார்பேட்டைக்காரர். அவரோடு வந்த இரண்டு பேரும் பீகார். சின்னவனுக்கு இருபது வயசு இருந்தால் அதிகம். மூன்றாம் தேதி காலையில் வந்தவன் வேலையைத் தொடவே இல்லை. மாடிப்படியில் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தான். என்னப்பா என்று கேட்டதற்குப் போனை என் பக்கம் நீட்டினான்.

ஒரு வீடியோ. நட்ட நடுத்தெருவில் ஒருவரைச் சிலர் துரத்தி வெட்டுகிறார்கள். அதற்குக் கீழே இந்தியில் ஒரு செய்தி இணைப்பு. தமிழ்நாட்டில் இந்தி பேசுகிறவர்களைத் தேடித் தேடிக் கொல்கிறார்கள் என்று சாரம். ஊரிலிருந்து அவனுடைய அம்மா அனுப்பியிருந்தார்.

"பொய்ப்பா இது" என்றேன்.

"தெரியும் சார். நான் இங்கதானே இருக்கேன். ஆனா அம்மா அழுவுது. டிக்கெட் போட்டாச்சு."

சாயங்காலம் சென்னைக்குப் பஸ் ஏறிவிட்டான். பாதி போட்ட டைல்ஸும், திறந்து வைத்த ஒரு மூட்டை ஒயிட் சிமென்ட்டும் மாடியில் கிடந்தன. வேலை பார்க்கிற இடத்தில் ஒன்றும் நடக்கவில்லை என்று கண்ணால் பார்த்துத் தெரிந்தவனையே ஒரு செய்தி ஊருக்குக் கிளப்பிவிட்டது. அன்றிலிருந்து இந்த விஷயம் எனக்குள் உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஓய்வு நேரத்தில் சேர்த்துவைத்த குறிப்புகளைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன்.

நடந்தது என்ன

முதலில் தெரிந்த விவரங்களை வரிசையாக வைத்துவிடலாம். அந்த வாரம் சுற்றிய வீடியோக்களில் இரண்டைப் பற்றித் தமிழ்நாடு டி.ஜி.பி. சைலேந்திர பாபு அப்போதே விளக்கம் தந்தார். ஒன்று, பீகார் தொழிலாளர்களே இரண்டு குழுவாக மோதிக்கொண்டது. இன்னொன்று, கோயம்புத்தூரில் உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்த தகராறு. அதாவது வீடியோக்கள் போலி இல்லை. வெட்டு நிஜம், ரத்தம் நிஜம். யார், எதற்காக என்கிற வரி மட்டும் மாற்றி எழுதப்பட்டிருந்தது.

பெரிய புழக்கம் உள்ள இந்தி நாளிதழான தைனிக் பாஸ்கர் இதைக் கொலைச் செய்தியாகவே போட்டது. மார்ச் 2 அன்று பீகார் முதல்வர் நிதிஷ் குமார், பத்திரிகைகள் வழியாக இதை அறிந்ததாகவும் அதிகாரிகளுக்கு உத்தரவிட்டிருப்பதாகவும் ட்விட்டரில் எழுதினார். இந்தி பேசியதற்காக 12 பேர் தூக்கிலிடப்பட்டார்கள் என்று உத்தரப் பிரதேச பா.ஜ.க. செய்தித் தொடர்பாளர் பிரசாந்த் உம்ராவ் ட்வீட் போட்டார். கூடவே ஸ்டாலினும் தேஜஸ்வி யாதவும் சேர்ந்து நிற்கிற படம். மார்ச் 1 ஸ்டாலினின் எழுபதாவது பிறந்தநாள், தேஜஸ்வி சென்னைக்கு வந்திருந்தார். இந்தப் படம்தான் முக்கியம். குறி தமிழ்நாடு மட்டும் இல்லை, பாட்னாவும்தான். எதிர்க்கட்சிகள் கைகோத்து நின்ற மேடைக்கு அடுத்த நாளே "உன் ஆள் அங்கே விருந்து சாப்பிடுகிறான், உன் பிள்ளை அங்கே சாகிறான்" என்று பீகார் வாசகனுக்குச் சொல்லியாயிற்று.

அரசியல் சார்பு வெளிப்படையாகத் தெரிகிற ஆப்இந்தியா போன்ற தளங்கள் இதை எடுத்துக்கொண்டன. அந்தத் தளத்தின் மீது ஆவடி காவல் ஆணையரகம் வழக்குப் பதிவு செய்தது. பீகாரிலிருந்து பாலமுருகன் ஐ.ஏ.எஸ். தலைமையில் நான்கு பேர் கொண்ட குழு தமிழ்நாட்டுக்கு வந்து தொழிலாளர்களிடம் நேரில் விசாரித்தது. புரளி என்றே முடிந்தது. உம்ராவை மன்னிப்புக் கேட்கச் சொல்லி ஏப்ரல் 6 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது.

இதற்கு நடுவில் மார்ச் 8 ஹோலி. பண்டிகைக்குப் போகிற கூட்டமும் பயந்து போகிற கூட்டமும் ஒரே ரயிலில் போயின. ரயில் நிலையக் கூட்டத்தின் படமே "பார், தப்பி ஓடுகிறார்கள்" என்கிற அடுத்த செய்திக்கு ஆதாரம் ஆனது. புரளி தனக்கான சாட்சியைத் தானே தயாரித்துக்கொள்கிற இந்த இடத்தைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

யார் கூறினார்?

சரி, இந்தித் தளங்களை மட்டும் திட்டிவிட்டுப் போவது சுலபம். தமிழில் எப்படி இருக்கிறது? கட்சிச் சார்புள்ள தமிழ்ச் செய்தித் தளங்களை, எல்லாப் பக்கத்திலிருந்தும், இந்த வருடங்களில் சேமித்து வைத்துப் படித்து வருகிறேன். ஒரு வாசகனாக எனக்குக் கண்ணில் பட்ட முதல் விஷயம் இலக்கணம். "கூறப்படுகிறது", "தெரிகிறது", "சொல்லப்படுகிறது", "பேசிக்கொள்கிறார்கள்". இவற்றில் "கூறப்படுகிறது", "சொல்லப்படுகிறது" இரண்டும் பள்ளிக்கூடத்தில் செயப்பாட்டு வினை என்று படித்தோமே, அதேதான். செய்தவன் வாக்கியத்தில் இருந்தே ஆகவேண்டும் என்கிற கட்டாயம் அதில் கிடையாது. யார் கூறினார், யாருக்குத் தெரிந்தது என்று கேட்டால் வாக்கியத்துக்குள் ஆளே இல்லை. நல்ல நிருபரும் இந்த வினையைப் பயன்படுத்துவார். ஆனால் அடுத்த வரியிலாவது ஒரு அதிகாரி, ஒரு ஆவணம், ஒரு தேதி வந்துவிடும். இந்தத் தளங்களில் அடுத்த வரி "இதனால் அந்தப் பகுதியில் பரபரப்பு நிலவுகிறது". முடிந்தது கதை.

இரண்டாவது, கேள்விக்குறி. "பின்னணியில் இருப்பது இவரா?" என்று தலைப்பு. கேள்வி கேட்டதற்கு வழக்குப் போட முடியுமா? கட்டுரையின் கடைசிப் பத்தியில் "உறுதிப்படுத்தப்படவில்லை" என்று ஒரு வரி இருக்கும். அதுவரை யாரும் படிப்பதில்லை என்பது எழுதியவருக்கும் தெரியும்.

மூன்றாவது என் தொழிலோடு சம்பந்தப்பட்டது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஒரு இணைப்பை வாட்ஸ்அப்பில் ஒட்டும்போது ஒரு சின்னப் படமும் தலைப்பும் தானாக வருகிறது அல்லவா? அது பக்கத்துக்குள் மறைந்திருக்கிற சில குறிப்பு வரிகளிலிருந்து எடுக்கப்படுகிறது. 2010-ல் ஃபேஸ்புக் கொண்டுவந்த ஓப்பன் கிராஃப் முறை அது. பக்கத்தில் தெரிகிற தலைப்பு ஒன்றாகவும், பகிரும்போது வருகிற தலைப்பு வேறாகவும் இருக்கலாம், தடையேதும் இல்லை. வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவரின் போன்தான் இந்தத் தலைப்பையும் படத்தையும் எடுத்துச் செய்தியோடு சேர்த்து அனுப்புகிறது. அனுப்பிய பிறகு அது உறைந்துபோன பொருள். நாளை அந்தத் தளம் தலைப்பைத் திருத்தினாலும், செய்தியையே நீக்கினாலும், ஏற்கெனவே போய்ச் சேர்ந்த அட்டையில் பழைய தலைப்பு அப்படியே நிற்கும். பெரும்பாலோர் படிப்பது அந்த அட்டையை மட்டும்தான்.

அச்சுப் பத்திரிகையில் தவறு வந்தால் மறுநாள் அதே வாசகர் கையில் அதே பத்திரிகை போகிறது. மூலையில் பொடி எழுத்தில் போட்டாலும் திருத்தம் அவர் வீட்டுக்குள் வந்துவிடுகிறது. இணையதளத்தில் திருத்தம் தளத்தில் இருக்கும், வாசகர் வாட்ஸ்அப்பில் இருப்பார். தலைப்பைச் சத்தமில்லாமல் மாற்றிவிட்டு "நாங்கள் அப்படி எழுதவே இல்லையே" என்று சொல்லவும் முடிகிறது. வேபேக் மெஷின் போன்ற இணையக் காப்பகங்களில் பழைய பிரதி சிக்கினால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

சார்பு குற்றமா?

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். கட்சிச் சார்போடு பத்திரிகை நடத்துவது தவறு என்று நான் நினைக்கவில்லை. பாண்டிச்சேரியில் இருந்துகொண்டு அப்படி நினைக்கவும் முடியாது. பாரதியின் 'இந்தியா' சென்னையில் அடக்குமுறை வந்தபோது 1908-ல் இங்கே இடம் மாறி, 1910 வரை வந்தது. காங்கிரசில் திலகர் பக்கம்தான் தன் பக்கம் என்று அது மறைத்ததே இல்லை. 1934-ல் வ. சுப்பையா இங்கே தொடங்கிய 'சுதந்திரம்' நடுநிலைப் பத்திரிகையா என்ன? 'விடுதலை', 'ஜனசக்தி', 'முரசொலி' எல்லாமே அப்படித்தான். முரசொலியை வாங்குகிறவருக்கு அது யாருடைய குரல் என்று தெரியும். உப்பு எவ்வளவு என்று தெரிந்து சாப்பிடுவது போல. அவற்றில் பொய்யே வந்ததில்லை என்று சொல்ல வரவில்லை. கொடி கடை வாசலில் கட்டியிருந்தது என்கிறேன்.

இன்னொன்றும் இருந்தது. வெள்ளைக்காரன் 1867-ல் போட்ட சட்டம். அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரை ஒவ்வொரு இதழிலும் போட்டாக வேண்டும். பத்திரிகைகளைக் கண்காணிக்கத்தான் அது வந்தது. ஆனால் சுதந்திரத்துக்குப் பிறகு வாசகனுக்கும் அது உதவியது. பிப்ரவரி முடிந்து வருகிற இதழில் உரிமையாளர் யார் என்று படிவம் 4 அறிவிப்பு வரும், பழைய பத்திரிகைக் கட்டுகளைப் புரட்டினால் பார்க்கலாம். நான் படிக்கிற பல தளங்களில் "எங்களைப் பற்றி" பக்கத்தில் இருப்பது "உண்மையை உரக்கச் சொல்வோம்" மாதிரி ஒரு வாசகமும் ஒரு மின்னஞ்சல் முகவரியும்தான். கொடியைச் சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டு நடுநிலை மேசையில் உட்காருவதுதான் என் புகார்.

என் பக்கத்துப் பொய்

இதையெல்லாம் உயரத்தில் நின்று எழுதுவதாக யாரும் நினைக்க வேண்டாம். அதே மார்ச் மாதம், இந்தப் புரளியால் கடுப்பாகி, "யார் செய்த சதி பாருங்கள்" என்கிற ஒரு பதிலடிச் செய்தியை என் கல்லூரி நண்பர்கள் குழுவில் போட்டேன். என் அரசியலுக்குப் பிடித்த தளம். உள்ளே இருந்த படம் சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். இரண்டு நாள் கழித்து ஒரு நண்பன் அதே படத்தைத் தேடி எடுத்து, அது பல வருடம் பழையது என்று காட்டினான். "நீயே இப்படிப் பண்ணலாமா?" என்று கேட்டான். எதிராளி வீடியோவைப் பிரேம் பிரேமாகப் பார்த்தவன், நம்மாள் படத்தை ஒரு விநாடி கூடப் பார்க்கவில்லை. குழுவில் "தவறு, மன்னிக்கவும்" என்று போட்டேன். அதை யாரும் ஃபார்வர்ட் செய்யவில்லை.

தமிழுக்கு இதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை. 2018 மே மாதம் போளூர் அருகே அத்திமூரில், குலதெய்வக் கோயிலுக்கு வந்த குடும்பத்தில் ஒரு வயதான அம்மா குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்கிறவர் என்று ஊர் கூடி அடித்தது. அவர் இறந்துபோனார். வட இந்தியாவிலிருந்து பிள்ளை பிடிக்கும் கும்பல் வந்திருக்கிறது என்று அப்போது சுற்றிய குரல் பதிவுகள் எல்லாம் நம் மொழியில்தான். ஐந்து வருடம் கழித்து அம்பு திரும்பி வந்தது, அவ்வளவுதான். அந்த வருடம் ஜூலையில்தான் வாட்ஸ்அப் இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் ஃபார்வர்ட் செய்ய முடியாது என்று கட்டுப்பாடு போட்டது.

யார் சரிபார்ப்பது?

அரசாங்கம் பார்த்துக்கொள்ளட்டும் என்று சொல்வதிலும் எனக்குத் தயக்கம் உண்டு. பீகார் யூடியூபர் மனீஷ் காஷ்யப் மீது தேசியப் பாதுகாப்புச் சட்டமே பாய்ந்தது. அவர் செய்த வேலையை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் விசாரணை இல்லாமல் அடைத்து வைக்கிற சட்டம் இதற்கு எதற்கு? 2023 நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அந்தக் காவலை ரத்து செய்தது. 2024-ல் அவர் பா.ஜ.க.வில் சேர்ந்து, அடுத்த வருடமே விலகி ஜன் சுராஜ் கட்சிக்குப் போனார். சிறை அவரைத் தலைவராக்கியதுதான் மிச்சம்.

தமிழ்நாடு அரசு 2023-ல் உண்மை சரிபார்ப்பகம் அமைத்தது. யூடர்ன் தளத்தை நடத்திய ஐயன் கார்த்திகேயன் அதன் பொறுப்பாளராக நியமிக்கப்பட்டார். அ.தி.மு.க. தரப்பு வழக்குப் போட்டது. அவர்கள் கேட்ட கேள்வி நியாயமானது: அரசைப் பற்றிய செய்தி பொய்யா என்று அரசே முடிவு செய்யலாமா? ஒன்றிய அரசும் இதே மாதிரி ஒரு பிரிவை அமைக்கப் பார்த்தது. அதற்கான விதியை 2024 செப்டம்பரில் மும்பை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. தில்லிக்கு ஒரு நியாயம், சென்னைக்கு ஒரு நியாயம் என்று நான் பேச முடியாது.

எனக்குப் படுவது சின்ன விஷயங்கள். செய்தித் தளம் என்று சொல்லிக்கொள்கிறவர்கள் உரிமையாளர் பெயர், ஆசிரியர் பெயர், பணம் வருகிற வழி ஆகியவற்றை முகப்பில் போடட்டும். திருத்தினால் பழைய தலைப்பையும் மாற்றிய நேரத்தையும் பக்கத்தின் மேலேயே காட்டட்டும். நாங்கள் எழுதுகிற மென்பொருளில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் யார், எப்போது, ஏன் என்று பதிவு இருக்கும். ஒரு பட்டனின் நிறத்தை மாற்றினால் கூட. ஒரு மாநிலத்தைக் கொலைகார மாநிலம் என்று எழுதி அழித்ததற்கு ஒரு வரிப் பதிவு கேட்பது பேராசை இல்லை.

வாசகனாக எனக்கு நானே வைத்துக்கொண்ட விதி ஒன்றுதான். எனக்குக் கோபம் வரவைக்கிற செய்தியை விட, எனக்குச் சந்தோஷம் தருகிற செய்தியை இரண்டு தடவை சரிபார்ப்பது. மூன்று வாரம் தாக்குப்பிடித்தேன், நடுவில் ஒருமுறை தவறினேன், திரும்பவும் பிடித்துக்கொண்டேன்.

அந்தப் பையன் ஏப்ரல் கடைசியில் திரும்பி வந்தான். மீதி டைல்ஸைப் போட்டு முடித்தான். ஒயிட் சிமென்ட் மட்டும் கட்டியாகி வீணாகிவிட்டது. "அம்மா இப்ப நம்பிட்டாங்களா?" என்று கேட்டேன்.

"இல்ல சார்" என்றான். "தினம் ராத்திரி வீடியோ கால் போட்டு மூஞ்சைக் காட்டணும். அப்பதான் தூங்கும்."