சாம்பல் பூசும் மெருகு

பொங்கலுக்கு முன் சிங்கப்பூரின் கேம்பல் லேனில் மண்பானை வாங்கும்போது விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டிப் பார்ப்போம். கணீரென்றால் நன்றாக வெந்த மண். சத்தம் மந்தமாக இருந்தால் எங்கோ கீறல். அதே காதோடும் கையோடும் ஒருமுறை ஜாலான் பஹாருக்குப் போக வேண்டும்.

அங்கே 1940இல் கட்டிய தௌ குவாங் டிராகன் சூளை, மலைப்பாம்பு போலச் சரிவில் நீண்டு படுத்திருக்கிறது. கீழே வாயில் தீ மூட்டி, பக்கத் துளைகளில் விறகு போட்டுக்கொண்டே மேலேறுவார்கள். சூடு 1,200 டிகிரியைத் தாண்டும்போது, குடங்கள்மேல் பறந்து படிந்த விறகுச் சாம்பல் உருகிக் கண்ணாடியாகிறது. தீயைப் பார்த்த கன்னத்தில் பச்சையும் பழுப்பும் வழிந்திருக்கும். முதுகுப் பக்கம் கரடான மண். குயவர் அங்கே தூரிகை பிடிப்பதில்லை. எந்தக் குடத்தை எங்கே, எந்தப் பக்கம் திருப்பி அடுக்குவது என்பதுதான் அவர் கலை. எனக்கு அதுவே பெரிய வித்தை.

வித்தை இன்னொரு விதத்திலும் உண்டு: 1988இல் கலாசாரப் பதக்கம் பெற்ற குயவர் இஸ்கந்தர் ஜலீலின் ஜாடிகளில் மரக்குச்சி கைப்பிடியாக நிற்கும். மண்ணுக்குப் பக்கத்தில் மரம்: பார்த்ததும் தூக்கிப் பார்க்கக் கை நீளும்.