தோற்ற வக்கீல்

எப்போதும் ஜெயிக்கிறவனைப் பற்றிக் கதை எழுதுவது சுலபம் என்று பலர் நினைக்கிறார்கள். எழுதிப் பார்த்தவர்களுக்குத்தான் அதில் உள்ள கஷ்டம் தெரியும். முதல் பத்துக் கதைகளில் அவன் ஜெயிக்கும்போது வாசகருக்குச் சந்தோஷமாக இருக்கும். அடுத்த பத்தில் அது பழகிப்போகும். அதற்கப்புறம், "இவனுக்கு என்ன, எப்படியும் ஜெயித்துவிடுவான்" என்ற நிச்சயத்தோடுதான் அவர் முதல் பக்கத்தையே புரட்டுவார். பயப்பட ஒன்றுமில்லாத மர்மக் கதை, உப்பில்லாத சாம்பார் மாதிரி.

பெர்ரி மேஸனுக்கு இந்த ஆபத்து நிறையவே இருந்தது. எர்ல் ஸ்டான்லி கார்டனர் 1933-ல் எழுதிய நாவலில் முதன்முதலாக வந்த வக்கீல் அவர். பாக்கெட் புத்தகங்களில் நம்மில் பலருக்கும் பரிச்சயமானவர். 1957 முதல் 1966 வரை அமெரிக்காவில் ஸி.பி.எஸ். டெலிவிஷனில் அவருடைய வழக்குகள் 271 வந்தன. மேஸனாக நடித்தவர் ரேமண்ட் பர். ஏறக்குறைய எல்லாக் கதைக்கும் ஒரே அச்சுத்தான். லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு கொலை. நிரபராதி ஒருவர் மாட்டிக்கொள்கிறார். அரசாங்க வக்கீல் ஹாமில்டன் பர்கர் சாட்சிகளை வரிசையாக நிறுத்துகிறார். மேஸன் குறுக்கு விசாரணையில் இறுக்கிக்கொண்டே போக, உண்மைக் குற்றவாளி தாங்க முடியாமல் எல்லார் முன்னிலையிலும் ஒப்புக்கொண்டுவிடுகிறார்.

"நீங்கள் ஏன் எல்லா வழக்கிலும் ஜெயிக்கிறீர்கள்?" என்று ஒரு ரசிகை பர்ரிடம் கேட்டாராம். சனிக்கிழமைகளில் தாம் நடத்தும் வழக்குகளை மட்டும்தானே அவர் பார்க்கிறார் என்று பர் பதில் சொன்னதாக ஒரு கதை உண்டு. ஆரம்ப வருஷங்களில் அந்தத் தொடர் சனிக்கிழமைதான் வந்துகொண்டிருந்தது.

1963 அக்டோபர் 17-ம் தேதி வியாழக்கிழமை. சனிக்கிழமையின் அதிர்ஷ்டம் வியாழக்கிழமைக்கு வரவில்லை போலும். அன்று வந்த 'தி கேஸ் ஆஃப் தி டெட்லி வெர்டிக்ட்' என்ற கதையில் மேஸன் தோற்றார். 'கொல்லும் தீர்ப்பு' என்று நாம் வைத்துக்கொள்ளலாம்.

கதை தொடங்குவதே தீர்ப்பில்தான். ஜானிஸ் பார்ட்டன் என்ற பெண் கொலைக் குற்றவாளி என்று ஜூரர்கள் சொல்லிவிடுகிறார்கள். தண்டனை, விஷவாயு அறையில் மரணம். மற்றக் கதைகள் போய் முடிகிற இடத்தில் இந்தக் கதை ஆரம்பிக்கிறது. ஜானிஸாக நடித்திருப்பவர் ஜூலி ஆடம்ஸ்.

இந்தத் தொடரில் அநேக வழக்குகள் பூர்வாங்க விசாரணையோடு முடிந்துவிடும் என்பதை இங்கே கவனிக்க வேண்டும். அதாவது, வழக்கை மேலே நடத்தப் போதிய ஆதாரம் இருக்கிறதா என்று நீதிபதி ஒருவரே பார்க்கும் கட்டம் அது. பன்னிரண்டு ஜூரர்களை உட்கார வைக்கிற செலவு இல்லை. கதையும் சீக்கிரம் முடியும். ஆனால் அங்கே தோற்றால்கூடத் தலை போகாது. அசல் விசாரணை பாக்கி இருக்கிறது. வாசலில் நடந்த சண்டைகளையே வாராவாரம் பார்த்துவந்தவர்களை இந்தக் கதை திடீரென்று வீட்டுக்குள்ளே கொண்டுபோய் நிறுத்துகிறது.

இதற்கு முன்பு, 1958-ல் வந்த 'டெரிஃபைடு டைப்பிஸ்ட்' கதையிலும் ஜூரர்கள் குற்றவாளி என்றுதான் சொன்னார்கள். ஆனால் கூண்டில் நின்றவன் வேறொருவன் பெயரைச் சொல்லிக்கொண்டு நின்றவன் என்று தெரிந்து, தீர்ப்பே செல்லாமல் போயிற்று. அது கெட்டிக்காரத்தனம். 'கொல்லும் தீர்ப்பு' அப்படித் தப்பித்துக்கொள்ளவில்லை. அந்த நாள் அமெரிக்கர்களுக்கு விஷவாயு அறை வெறும் கதைச் சரக்கும் அல்ல. காரில் செஸ்மன் என்ற கைதி பன்னிரண்டு வருஷம் வழக்காடிவிட்டு, ஸான் க்வென்டின் சிறையில் அந்த அறையில்தான் 1960 மே மாதம் உயிரை விட்டான். உலகமெல்லாம் அதைப் பற்றிப் பேசியது. அதற்குப் பிறகு மூன்றே வருஷத்தில் வந்த கதை இது.

சரி, மேஸன் ஏன் தோற்றார்? கட்சிக்காரி அவரிடம் உண்மையை மறைத்துவிட்டாள். ஏன் மறைத்தாள் என்பதை நான் சொல்லிவிட்டால் இனிமேல் பார்க்கப்போகிறவர்களுக்கு ரசம் கெட்டுவிடும். வைத்தியரிடமும் வக்கீலிடமும் எதையும் மறைக்காதே என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதை ஜானிஸுக்குச் சொல்ல ஆள் இல்லை. தீர்ப்பு வந்த பிறகும் மேஸன் கைவிடாமல் உண்மையைத் தேடுகிறார். கடைசியில் அவள் தப்பிக்கிறாள்.

இங்கேதான் எனக்கு ஒரு மனக்குறை. தோல்வியைக் காட்டத் துணிந்தவர்கள், தோல்வியின் பாரத்தை முழுக்கக் கட்சிக்காரியின் தலையிலேயே வைத்துவிட்டார்கள். 'அவள் சொல்லியிருந்தால் மேஸன் ஜெயித்திருப்பார்' என்று ஆகிவிடுகிறது. வக்கீலின் கோட்டில் ஒரு தூசியும் ஒட்டவில்லை. எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்ன நிரபராதியும் தண்டனை அடைவது உண்டு. நல்ல வக்கீல் நன்றாக வாதாடியும் தோற்பது உண்டு. அந்தக் கதை இன்னும் பயங்கரமானது. அதை அவர்கள் எழுதவில்லை.

கார்டனருக்கு அது தெரியாததா? அவரே கலிபோர்னியாவில் வக்கீல் தொழில் நடத்தியவர். 1948-ல் 'ஆர்கஸி' பத்திரிகையில் 'கோர்ட் ஆஃப் லாஸ்ட் ரிஸார்ட்' என்று ஒரு முயற்சியைத் தொடங்கி, அநியாயமாகத் தண்டிக்கப்பட்டதாகத் தோன்றியவர்களின் வழக்குகளை நிபுணர்களோடு சேர்ந்து மறுபடி துருவிப் பார்த்தார். அந்த வேலையில், சாட்சிக் கூண்டில் அழுதுகொண்டே ஒப்புக்கொள்ள யாரும் தயாராக வந்து நிற்பதில்லை. பழைய காகிதங்களைப் புரட்ட வேண்டும், மறந்துபோன சாட்சிகளைத் தேட வேண்டும், மூடிய கதவுகளைத் தட்ட வேண்டும். நாவலில் நீதி ஒரு மாலைப்பொழுதில் வந்துவிடும் என்று லட்சக்கணக்கானவர்களுக்கு எழுதிக்கொடுத்த அதே மனிதர், அது வராமலே போன மனிதர்களுக்காகத் தம்முடைய நேரத்தைச் செலவிட்டார். இரண்டும் ஒருவரே என்பது எனக்கு ஆச்சரியமாக இல்லை. நிஜத்தில் கிடைக்காததைத்தானே கதையில் கேட்கிறோம்?

'கொல்லும் தீர்ப்பு' கதையில் மட்டும் கார்டனரின் அந்த இரண்டாவது வாழ்க்கை கொஞ்ச நேரம் எட்டிப்பார்க்கிறது. தீர்ப்புக்கும் தப்பிப்புக்கும் இடையே உள்ள அந்தக் கொஞ்ச நேரத்தில் மேஸன் வித்தைக்காரர் அல்ல. கோர்ட்டு கைகழுவிவிட்ட ஒரு பெண்ணுக்காக அலைகிற சாதாரண மனிதர். 271 கதைகளில் எனக்கு மேஸனிடம் மரியாதை வந்தது அப்போதுதான்.

முடிவு வழக்கமான முடிவுதான். தொடர்ந்து வந்த வாரங்களில் மேஸனும் வழக்கம்போல் ஜெயிக்கத் தொடங்கிவிட்டார். ஆனாலும் இதைப் பார்த்த பிறகு பழைய கதைகளைப் பார்க்கும்போது ஒரு வித்தியாசம் தெரிகிறது. கூண்டில் நிற்பவர் முகத்தைக் கொஞ்சம் கவலையோடு பார்க்கத் தோன்றுகிறது. ஒரு முறை தோற்றவர் இன்னொரு முறையும் தோற்கலாம் அல்லவா?