ஐந்தாம் காலில் நான்கு வோல்ட்

லியோ ஃபெண்டருக்கு கிதார் வாசிக்கத் தெரியாது. 1938-ல் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டன் ஊரில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்தவர். 1950-களின் பிற்பாதியில் அவர் கம்பெனி செய்த டீலக்ஸ் ஆம்ப்ளிஃபயரின் (சர்க்யூட் எண் 5இ3) மேல் பின்பலகையைக் கழற்றினால், ரிப்பேர்காரர் ஒருவர் இன்னொரு ரிப்பேர்காரரை நினைத்துச் செய்த பெட்டி என்பது தெரிந்துவிடும். ஃபைபர் அட்டையில் வரிசையாகக் கண்ணிகள். அவற்றில் ஊன்றி நிற்கும் ரெசிஸ்டர்கள், மஞ்சள் உறை போட்ட ஆஸ்ட்ரான் கண்டென்சர்கள். ஒன்றைக் கழற்ற இன்னொன்றை அசைக்க வேண்டியதில்லை. கிதார் ஒயர் செருகும் இடத்திலிருந்து ஓசை போகும் வழியை விரலாலேயே தொடரலாம். பிளக்கைப் பிடுங்கி, ஃபில்டர் கண்டென்சர்களில் தேங்கிய 300 வோல்ட்டுக்கும் மேற்பட்ட மின்சாரத்தை வடித்த பிறகுதான், அதுவும்.

இந்த அமைப்பின் அழகு, கோளாறு வரும்போதுதான் முழுதாகத் தெரியும். போட்டுக் கொஞ்ச நேரத்தில் ஓசை குழைந்துபோகிறது. இரண்டு 6வி6 வால்வுகளில் ஒன்றின் உள்தகடு சிவக்கிறது. கண்ணாடியின் உட்புறத்தில் படரும் நீல ஒளியைக் கண்டு பலர் பதறுவார்கள். அது வீண் பயம். எலெக்ட்ரான்கள் கண்ணாடியில் படுவதால் வரும் ஒளி. பதற வேண்டியது சிவப்புக்குத்தான். வால்வை மாற்றினால் புதியதும் சிவக்கும். ஏனென்றால் குற்றவாளி பெரும்பாலும் அதற்கு முன்னால் இருக்கிற 0.1 மைக்ரோஃபாரட் கண்டென்சர். முந்தைய வால்விலிருந்து வரும் உயர் வோல்ட்டேஜை நிறுத்தி, ஓசையை மட்டும் விட வேண்டியது அதன் வேலை. அறுபது வருடத்தில் அது மண்பானை வியர்ப்பதுபோல் கசியத் தொடங்குகிறது.

அந்தக் கண்டென்சர் வந்து சேரும் வால்வின் ஐந்தாம் காலில் மீட்டரை வைத்தால் பூஜ்யம் காட்ட வேண்டும். மூன்று, நான்கு வோல்ட் காட்டினால் பாதி வழக்கு முடிந்தது. மீதிப் பாதிக்கு வால்வைப் பிடுங்கிவிட்டு அதே இடத்தில் மறுபடி அளக்க வேண்டும். வோல்ட் அப்படியே நின்றால் கண்டென்சர். மறைந்துவிட்டால் வால்வே கெட்டது. இந்த ஒரு சோதனையின் சிக்கனத்துக்காகவே எனக்கு இந்தத் தொழில் மீது மரியாதை.

புதிய கண்டென்சரைப் பற்றவைத்த பின், இரண்டு வால்வுக்கும் பொதுவான 250 ஓம் ரெசிஸ்டரின் குறுக்கே ஓர் அளவு. 20 வோல்ட் என்றால் 80 மில்லிஆம்பியர், ஆளுக்குப் பாதி. சரியான கணக்கு.

எதைத் தொடாமல் விடுவது என்பதில்தான் கைப்பக்குவம் தெரியும். உலர்ந்துபோன ஃபில்டர் கண்டென்சர்களுக்கு இரக்கம் வேண்டாம். இரண்டு முள் பிளக்கை எடுத்துவிட்டு எர்த் உள்ள மூன்று முள் போட வேண்டும். சேகரிப்பாளர்கள் முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும். ஆனால் கசியாத மஞ்சள் கண்டென்சரையும், மதிப்பு சற்று ஏறியும் இரையாத கார்பன் ரெசிஸ்டரையும் மாற்றுவது வெறும் சுறுசுறுப்பு.

இன்னொன்று. இந்த ஆம்பில் வாசிக்காத சேனலின் வால்யூமைத் திருகினாலும் வாசிக்கிற சேனலின் ஓசை மாறும். பாடப்புத்தகப்படி குறைதான். ஆனால் ராக் இசைக்கலைஞர் நீல் யங், தன் 1959 டீலக்ஸின் குமிழ்களைக் காலால் ஸ்விட்சை அழுத்தித் திருப்ப, மோட்டார் வைத்த ஒரு கருவியே செய்யச் சொல்லி வைத்திருக்கிறார். குமிழில் எண்கள் 12 வரை இருக்கின்றன. பாதியைத் தாண்டினால் சத்தம் அவ்வளவாகக் கூடுவதில்லை, கரகரப்புதான் கூடுகிறது. ஓங்கி மீட்டினால் 5ஒய்3 ரெக்டிஃபயர் கொஞ்சம் தளர்ந்து, ஸ்வரம் ஒரு கணம் அமுங்கி மறுபடி மேலே வருகிறது. அதைச் சரிசெய்யச் சொல்லி யாரும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவதில்லை.