மன்னிப்புக்கும் இஸ்னாத் வேண்டும்

2024 ஜூலையில் அமைச்சரவை ஒரு முடிவெடுத்தது. கொவிட் காலக் கட்டாயத் தகனத்தால் பாதிக்கப்பட்ட சமூகங்களிடம் அரசாங்கத்தின் சார்பில் மன்னிப்புக் கோருவது என்பதே அது. செய்தியைக் கேட்ட எங்கட ஊர்ப் பெரியவர் ஒருவர், "சரி, ஆரு கேக்கிற?" என்றார். நான் சிரித்துவிட்டேன். பிறகு யோசித்தபோது, அந்த மன்னிப்புக்கு இதைவிடச் சுருக்கமான விமர்சனம் எழுத ஏலாது என்று பட்டது.

நிறுவன அறிக்கைகளையும் ஓர் எழுத்து வகையாக வாசிக்கலாம் என்பது என் எண்ணம். அந்த நடையில் எழுவாய் இருப்பதில்லை. "தீர்மானிக்கப்பட்டுள்ளது", "அறிவுறுத்தப்படுகின்றது" என்று காரியங்கள் தாமாகவே நடந்துவிடும்.

2020 ஏப்ரல் 11ஆம் திகதிய அதிவிசேட வர்த்தமானியைப் பாருங்கள். 800 முதல் 1200 பாகை செல்சியஸ் வெப்பம், குறைந்தது 45 நிமிடம் என்று எரிக்கும் அளவுகள் துல்லியமாக இருக்கின்றன. எரித்தே ஆகவேண்டும் என்பதற்கு ஆதாரமான ஆய்வு எதுவும் சுட்டப்படவில்லை. அடக்கவும் செய்யலாம், எரிக்கவும் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் மார்ச் மாதமே வழிகாட்டியிருந்தது. கேட்டால், "நிபுணர் குழு சொல்கிறது" என்றார்கள். அந்த டிசம்பரில் உயர் நீதிமன்றம் மனுக்களை நிராகரித்தபோதும் காரணம் சொல்லவில்லை. 2021 பெப்ரவரி 10இல் பிரதமர் அடக்க அனுமதிப்போம் என்றார். வர்த்தமானி வந்தது 25ஆம் திகதி. ஓட்டமாவடியில் முதல் ஜனாஸா அடக்கப்பட மார்ச் 5 ஆயிற்று.

ஹதீஸ் கலை எங்களுக்கு ஒரு வாசிப்பு முறையைத் தந்திருக்கிறது. மத்னை மட்டும் பார்த்து ஒரு செய்தியை ஏற்பதில்லை, இஸ்னாதையும் கேட்போம். அறிவிப்பாளர் யாரென்று தெரியாவிட்டால் அவர் மஜ்ஹூல், செய்தி பலவீனமாகும். "நிபுணர் குழு" அரச மொழியின் மஜ்ஹூல். அதை நம்பாத சனத்தை அறியாதவர்கள் என்று சொல்ல எனக்கு மனமில்லை. அவர்கள் சரியாகத்தான் வாசித்தார்கள்.

ஆனால் அவநம்பிக்கைக்கும் விலை இருந்தது. "மௌத்தானா எரிச்சிடுவாங்க" என்ற பயத்தில் எங்கட ஆட்கள் ஆஸ்பத்திரிக்குப் போகத் தயங்கினார்கள். ஒரு பொய்யான காரணத்தால் போன நம்பிக்கை, உண்மையான மருத்துவ ஆலோசனையையும் சேர்த்துக் கொண்டுபோனது.

இதை அரசாங்கத்தோடு மட்டும் நிறுத்தினால் நேர்மையாகாது. எங்கட பள்ளிவாசல் அறிவித்தல் பலகைகளையும் வாசியுங்கள். அங்கேயும் "நிருவாகத்தினால் தீர்மானிக்கப்பட்டுள்ளது"தான். ஸகாத் கணக்கைக் கேட்டால், "எல்லாம் ஒழுங்காத்தான் நடக்குது" என்ற பதில். கேட்டவர் குழப்பக்காரர் ஆகிவிடுகிறார்.

2024இன் மன்னிப்பை நான் நிராகரிக்கவில்லை. அது வந்தது நல்லது. ஆனால் இன்னார் முடிவெடுத்தார், இன்ன ஆலோசனையை நம்பி எடுத்தார், இன்ன எச்சரிக்கையைத் தட்டிக்கழித்தார் என்ற மூன்று வாக்கியங்கள் அதற்கு இன்னும் பாக்கி. அவை எழுதப்படும்வரை பெரியவரின் கேள்வி செல்லுபடியாகும். பள்ளிவாசல் பலகைக்கு முன்னாலும் நாங்கள் அதே கேள்வியைக் கேட்கப் பழகவேண்டும்.